கல்யாணம் முடியும்வரை எடை தூக்குவதை நிறுத்தி வைக்கலாமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 27. ஊர் திருமங்கலம், வேலை மதுரையில் ஒரு வங்கியில். சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஒரு வருடத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்தீர்கள். டிரெட்மில்லில் ஆரம்பித்து எடைப் பயிற்சிக்கு மாறி, இப்போது டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து எடையை எடுத்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சியில், 60 கிலோ தூக்குகிறீர்கள். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியதும் பெரியம்மா மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார்: எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும், தோள் இப்படி அகன்றுபோனால் எவன் கட்டுவான். அம்மா நடுவில் புகுந்து, "கல்யாணம் முடியிற வரைக்கும் நிறுத்தி வையேன், அப்புறம் உன் இஷ்டம்" என்கிறார். இதில் எது நிஜம், நிறுத்தினால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்கள்.

முதல் இரண்டும் மருத்துவக் கேள்விகள். மூன்றாவதில் மருத்துவமே இல்லை, ஆனால் உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். கர்ப்பப்பை இறங்காது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் பெரியம்மா சமாதானமாக மாட்டார். அவருக்கு வேறு காரணம் கிடைத்துவிடும். அதனால் உடம்பு சம்பந்தப்பட்டதை முதலில் பேசி முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் இருபது வருடத்துக்கும் மேலாக இதே வேலை. ஆரம்பத்தில் எலும்பு முறிவு, பக்கவாதம், முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் என்று எல்லோரையும் பார்த்தேன். இப்போது என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பிரசவத்துக்குப் பிறகான இடுப்புத்தளப் பயிற்சி, முதுகுவலி, எடைப் பயிற்சி, இவைதான் என் அன்றாடம். நான் மகப்பேறு மருத்துவர் இல்லை. உங்களைப் பரிசோதித்ததும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆம்பளை மாதிரி ஆகிவிடுமா என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், இதற்குப் பதில் தெளிவானது. தசை பெருப்பதற்குப் பெரிய உந்துதல் டெஸ்டோஸ்டிரோன். வளர்ந்த ஆணின் ரத்தத்தில் அது லிட்டருக்குச் சுமார் 8 முதல் 30 நானோமோல் வரை இருக்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் 2, 2.5ஐத் தாண்டாது. எடை தூக்குவதால் அந்த அளவு நிரந்தரமாக ஏறிவிடாது. ஆனாலும் பெண்களுக்கு பலம் நன்றாகவே கூடும். தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை சதவீதம் முன்னேறுகிறோம் என்று பார்த்தால் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் சில வாரங்களில் கிடைக்கிற பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை, ஏற்கெனவே இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் முதல் இரண்டு மாதத்தில் தூக்குகிற எடை மளமளவென்று ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஒரு வருடத்தில் 60 கிலோ டெட்லிஃப்ட் என்பது ஒழுங்காகப் பயிற்சி செய்கிற உங்கள் வயதுப் பெண்ணுக்கு வரக்கூடிய முன்னேற்றம்தான்.

தோள் அகன்றதாகப் பெரியம்மாவுக்குத் தெரிவது பொய்யாக இருக்காது. தோளின் அகலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காறை எலும்பு. 27 வயதில் அது நீளாது. தோள்பட்டைத் தசை கொஞ்சம் உருண்டிருக்கும், இடுப்புச் சுற்றளவு கொஞ்சம் குறைந்திருக்கும், கூன் போட்டு உட்காருகிற வழக்கம் போயிருக்கும். மூன்றும் சேர்ந்தால் பார்க்கிறவருக்குத் தோள் விரிந்தமாதிரிதான் இருக்கும். என்னிடம் வருகிற பெண்களில் ஒரு வருடம் பயிற்சி செய்தவர்கள் ஜாக்கெட்டின் கைத்தையலைப் பிரித்துவிடச் சொல்லித் தையல்காரரிடம் போவது உண்டு. அதுவும் அரை அங்குலம்போல. உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள், பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு ஆண்தன்மை ஹார்மோன்கள் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். தாடையில் முடி, முகப்பரு, உச்சியில் முடி கொட்டுவது எல்லாம் அதனால் வரலாம். ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிறகு யாராவது உங்கள் தாடையில் இரண்டு முடியைப் பார்த்துவிட்டால் பழி ஜிம் மேல்தான் விழும். இதுவரை யாரும் சொல்லவில்லை என்றால், இனிமேல் சொல்வார்கள். அது நீர்க்கட்டியின் வேலை. குரல் கட்டையாவது போன்ற மாற்றங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வரும். குரல் மாற்றம் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் திரும்பாது. ஜிம்மில் யாராவது "சீக்கிரம் ரிசல்ட் வரும்" என்று மாத்திரையோ ஊசியோ நீட்டினால் அன்றைக்கே அந்த ஜிம்மை விட்டுவிடுங்கள்.

சரி, கர்ப்பப்பை. இதைப் பெரியம்மா காற்றிலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. அடி இறங்கிப்போய், யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, துணியை வைத்துக் கட்டிக்கொண்டு காட்டு வேலைக்குப் போன பெண்களை அவர் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. உசிலம்பட்டி, பேரையூர், செக்கானூரணிப் பக்கமிருந்து இன்றைக்கும் என்னிடம் வருகிறார்கள், அறுபது எழுபது வயதுப் பெண்கள். பேச்சுக் கொடுத்தால் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நாலைந்து பிரசவம், அதில் முக்கால்வாசி வீட்டிலேயே. பிள்ளை பெற்ற சூடு ஆறுவதற்குள் களையெடுக்கப் போனது, சுமை தூக்கப் போனது. விறகடுப்புப் புகையில் தீராத இருமல். ஒதுங்க இடமில்லாமல் அடக்கி அடக்கி வந்த மலச்சிக்கல். மாதவிடாய் நின்றபிறகு எல்லாம் சேர்ந்து தளர்ந்தது. இத்தனையில் ஊர்க் கண்ணுக்குத் தெரிந்தது தலைச்சுமை ஒன்றுதான்.

இடுப்பு எலும்புக்குக் கீழே தூளி மாதிரி ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுவும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களும் தாங்குகின்றன. இதைத் தளர்த்துவதில் பிறப்புவழிப் பிரசவத்துக்குத்தான் முதல் இடம். பிரசவங்களின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடும். வயது, உடல் பருமன், நாள்பட்ட இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது ஆகியவை அடுத்து. இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை.

எடை தூக்குவதற்கு இதில் என்ன பங்கு என்பதில்தான் தெளிவு போதாது. வருடக்கணக்காகத் தினமும் கனம் சுமக்கிற வேலை செய்யும் பெண்களுக்கு இறக்கம் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சில அப்படிச் சொல்லவில்லை. அதிகப் பிரசவம், ஓய்வின்மை, சத்துக்குறைவு மூன்றும் அதே பெண்களிடம் சேர்ந்தே இருப்பதால் எது எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். போட்டிக்காகப் பளு தூக்கும் பெண்களில் கணிசமானவர்களுக்கு உச்ச எடையைத் தூக்கும் நொடியில் சிறுநீர் கசிகிறது என்பது நன்றாகப் பதிவான விஷயம். ஆனால் கசிவு வேறு, இறக்கம் வேறு. வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில், நாம் பயந்து தடை போடுகிற மிதமான தூக்குதல் பலவற்றைவிட இருமலும் நாற்காலியிலிருந்து எழுவதும் குறைவில்லாத அழுத்தத்தைத் தந்திருக்கின்றன. பிரசவமே ஆகாத, முறையாகக் கற்றுக்கொண்டு வாரம் இரண்டு மூன்று நாள் தூக்குகிற 27 வயதுப் பெண்ணுக்கு இதனால் கர்ப்பப்பை இறங்கும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அடியில் ஏதோ உருண்டு வருகிறமாதிரி, கனமாக இழுக்கிறமாதிரி உணர்வு இருந்தாலோ, தூக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ மட்டும் எடையைக் குறைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். தூக்கும்போது மெல்ல மூச்சை வெளியே விடக் கற்றுக்கொள்வது நல்லது.

பிள்ளைப்பேறு பாதிக்குமா என்பதும் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிற கேள்வி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்கள் பளு தூக்குதல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் 69 கிலோ பிரிவில் கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்கிற இரண்டு தூக்கு முறைகளிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார், ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம். அடுத்த வருடம் அவருக்கு மகன் பிறந்தான். ஒருவர் கதையை வைத்து அறிவியல் பேச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மாக்களிடம் ஆய்வுக் கட்டுரையைவிட இது நன்றாக எடுபடுகிறது. பயிற்சி செய்கிறவர்களுக்கு மாதவிடாயைக் குலைப்பது பெரும்பாலும் போதாத சாப்பாடு. செலவழிக்கிற சக்திக்கு ஏற்ப உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்தி வைப்பது கருமுட்டை வேலையைத்தான். ஓட்டக்காரர்கள், நடனக்காரர்கள், பட்டினி கிடந்து மெலிகிறவர்கள் எல்லோருக்கும் அது நடக்கும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒருவேளைச் சாப்பாட்டில் ஓட்டுகிற பெண்களைப் பார்த்து யாரும் கர்ப்பப்பையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

கனம் என்பதையே கொஞ்சம் பாருங்கள். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதை வாசலிலிருந்து அடுப்படிவரை உருட்டியும் தூக்கியும் கொண்டுபோகிறவர் யார்? வைகை வறண்ட வருடங்களில் லாரித் தண்ணீருக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் சுமந்தது யார்? ரிங்ரோடு ஓரம் எழும்புகிற ஒவ்வொரு கட்டடத்திலும் சித்தாள் பெண்கள் எட்டு, பத்துச் செங்கலைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறார்கள், அதுவே 25 கிலோவைத் தாண்டும். அப்போதெல்லாம் "பொம்பளைப்பிள்ளை எடை தூக்கக் கூடாது" என்ற பேச்சு எழுவதில்லை. தன் உடம்புக்காக, தனக்குப் பிடித்து, காசு கட்டி ஒரு பெண் தூக்கும்போதுதான் எழுகிறது. பலத்தைப் பற்றி நம் ஊருக்கு ஆட்சேபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பலம் யாருக்கு உழைக்கிறது, வெளியே தெரிகிறதா இல்லையா என்பதில்தான் ஆட்சேபம்.

வரன் பார்க்கிற நேரத்தில் இது இன்னும் கூர்மையாகும். பெண் மெலிந்து இருக்கணும், ஆனால் பூசினாப்புல இருக்கணும். வேலைக்கெல்லாம் ஈடு கொடுக்கணும், ஆனால் பார்க்க மெதுவாகத் தெரியணும். இந்தக் கணக்குக்கு எந்த உடம்பும் சரிப்பட்டு வராது. ஒல்லியாக இருக்கிற பெண்ணிடம் "கொஞ்சம் சதை போடு" என்பார்கள், குண்டாக இருக்கிற பெண்ணிடம் நேரடியாகவே சொல்வார்கள். நீங்கள் ஒரு வருடத்துக்கு முன் ஜிம்மே போகாமல் இருந்தபோது உங்கள் உடம்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையா? நிச்சயம் சொல்லியிருப்பார்கள். தோளை விட்டிருப்பார்கள், இடுப்பைப் பிடித்திருப்பார்கள்.

மதுரைக்காரர்களிடம் இதைப் பேசினால் யாராவது ஒருவர் மீனாட்சியை இழுத்துவிடுவார். சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம், ஆட்சியும் போரும் முடித்த பிறகுதான் தாலி என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரியம்மாவிடம் இதை வாதமாக வைத்துவிடாதீர்கள். மூன்று முலைகளோடு பிறந்த தடாதகைக்கு (மீனாட்சியின் பிறப்புப் பெயர் அது), மணாளனைக் கண்டதும் அதில் ஒன்று மறைந்துபோனதே என்று அவர் அதே கதையிலிருந்து பதில் எடுப்பார். வித்தியாசமாக இருந்த உடம்பு, மாப்பிள்ளை வந்ததும் சரியாகிவிட்டது. ஊர் அந்தப் பாதியையும் மறக்கவில்லை.

எனக்கு அதைவிட உறுதியாகத் தெரிவது மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலத்து ஓட்டக்காரர் ரேவதி வீரமணி. சிறு வயதில் பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தது பாட்டி. பொம்பளைப்பிள்ளையை ஓட அனுப்புகிறாயே என்று உறவினர்கள் பாட்டியைக் குறை சொன்னதும், பாட்டி கேட்காததும் செய்திகளில் வந்தவைதான். ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓடத் தொடங்கி, லேடி டோக் கல்லூரியில் படித்துக்கொண்டே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி எடுத்து, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். இந்தப் பக்கம் புதுக்கோட்டைச் சீமையின் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறித்துக்கொண்டார்கள். "ஆம்பளை மாதிரி" என்கிற பேச்சு வீட்டுத் திண்ணையோடு நிற்பதில்லை, அதிகாரத்தில் இருப்பவர்கள் கையில் கிடைத்தால் ஒருவர் வாழ்க்கையையே புரட்டிவிடும். அதனால் பெரியம்மா சொன்னதைக் கேட்டு உங்களுக்கு வலித்திருந்தால், இதற்கெல்லாமா என்று உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம்.

இனி, நிறுத்தினால் என்ன நஷ்டம்? இதற்கு நேர்மையான பதில்: ஒரு மாதம் நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாலு வாரம்வரை பலம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு மெல்ல இறங்கும். திரும்ப ஆரம்பித்தால் முதல்முறை ஆனதைவிடச் சீக்கிரமாக ஏறிவிடும். ஏன் அப்படி என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது, ஆனால் ஏறுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆக, முகூர்த்த வாரத்தில் லீவு விடுவதற்கெல்லாம் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் "கல்யாணம் முடியும்வரை" என்பதற்குத் தேதி கிடையாது. வரன் அமைய ஆறு மாதமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அப்புறம் மறுவீடு, தலைத்தீபாவளி, அப்புறம் "விசேஷம் உண்டா?", அப்புறம் பிள்ளை. என்னிடம் நாற்பது வயதுக்கு மேல் முதுகுவலியோடு வருகிற பெண்களில் பலர் கல்லூரியில் கபடியோ வாலிபாலோ ஆடியவர்கள். எப்போது விட்டீர்கள் என்று கேட்டால் "கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் நிறுத்துனேன்" என்பார்கள்.

உங்களுக்கு நீர்க்கட்டி இருப்பதால் நஷ்டம் கொஞ்சம் கூடுதல். வேலை செய்கிற தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைப்பது மேம்படும். இது உறுதி. எடைப் பயிற்சியால் மட்டும் மாதவிடாய் ஒழுங்காகிவிடும், கருத்தரிப்பு எளிதாகிவிடும் என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. உங்களுக்கு ஒழுங்காகியிருந்தால் சந்தோஷம்தான். அதற்குப் பங்கு சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மருந்துக்கும்கூட இருக்கும். அதேபோல, மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டத்துக்குத் தக்கபடி பயிற்சியை மாற்றச் சொல்லி இப்போது நிறையக் காணொளிகள் வருகின்றன. அதற்கு ஆதாரம் பலவீனமானது. முதல் நாள் வலி தாங்கவில்லை என்றால் படுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் தூக்குங்கள், அவ்வளவுதான்.

வீட்டில் சண்டையே வேண்டாம் என்று நினைத்தால் ஒரு நடுவழி இருக்கிறது. பலத்தைச் சேர்க்கத்தான் நிறைய உழைப்பு வேண்டும், சேர்த்ததைக் காப்பாற்றக் கொஞ்சம் போதும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், எடையைக் குறைக்காமல், செட்டுகளின் (சுற்றுகளின்) எண்ணிக்கையை மட்டும் குறைத்துச் செய்தாலே இளம் வயதினரிடம் பல மாதங்களுக்குப் பலம் இறங்காமல் நின்றதாக ஆய்வுகள் உண்டு. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட், தலைக்குமேல் தூக்குவது ஒன்று, இழுப்பது ஒன்று. முக்கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை எல்லாப் பெரியவர்களுக்கும் வாரம் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி என்கிறது, ஆண் பெண் வித்தியாசம் பார்க்காமல். அதனால் ஒரு நாள் என்பது நெருக்கடிக்கு மட்டும்.

அதோடு சாப்பாடு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பெண்களுக்கு எடை அளவுக்கு மீறி இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். தூக்குகிற எடை ஏறவில்லை, மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின். 12க்குக் கீழே இருந்தால் பயிற்சி அட்டவணையை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் காட்டி இரும்புச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். நம் சாப்பாட்டில் அரிசி நிறைய, புரதம் குறைவு. உங்கள் எடை 60 கிலோ என்று வைத்தால் ஒரு நாளைக்கு 70, 80 கிராம் புரதம் போனால் நல்லது. முட்டை ஒன்றில் 6 கிராம்தான். காலையில் இரண்டு முட்டை, மதியம் பருப்போடு மீனோ கோழியோ, சாயங்காலம் வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் தயிரோ பாலோ என்று சேர்த்தால் பவுடர் டப்பா இல்லாமலே பக்கத்தில் வந்துவிடும். சைவம் என்றால் சோயாவும் பன்னீரும் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா மறைப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இது என் சொந்த அபிப்பிராயம்தான். சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போவதைச் சொல்கிற அதே தோரணையில், "காலையில ஜிம்முக்குப் போவேன், அது எனக்கு வேணும்" என்று. அதற்கு முகம் சுளிக்கிற வீடு எது என்பது தாலி ஏறுவதற்கு முன் தெரிவது உங்களுக்கு லாபம். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களில் இப்படிச் சொன்னதால் ஒரு வரன் தட்டிப்போனவரும் உண்டு, "எனக்கும் கத்துக்கொடு" என்று கேட்ட மாப்பிள்ளை கிடைத்தவரும் உண்டு. எதிர்காலத்தில் கர்ப்பமானால், சிக்கலில்லாத கர்ப்பத்தில் மருத்துவர் சம்மதத்தோடு எடையைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடரலாம். பிரசவத்துக்குப் பிறகு அவசரம் வேண்டாம். ஆறு வாரப் பரிசோதனை, இடுப்புத்தளப் பயிற்சி, அதற்கப்புறம் படிப்படியாக எடை. பெரியம்மா எச்சரிக்கையின் உண்மையான இடம் அந்தக் காலகட்டம்தான், அப்போது அவர் பேச்சைக் கேளுங்கள்.

கடைசியாக, அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முட்டித் தேய்மானத்துக்கு முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்று தொடைத் தசையை வலுவாக்குவது. இதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நம் நாட்டில் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது, அதன்பின் சில வருடங்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும். ஆஸ்திரேலியாவில் 58 வயதுக்கு மேற்பட்ட, எலும்பு மெலிந்த பெண்களை வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் கனமான எடையே தூக்கவைத்து, குதிக்கும் பயிற்சியும் கொடுத்து எட்டு மாதம் கழித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. கனமாகத் தூக்காத குழுவுக்குக் குறைந்திருந்தது. அது முழுக்க நேரடி மேற்பார்வையில் நடந்தது, அதனால் அம்மாவை நாளைக்கே பார்பெல் பக்கம் அழைத்துப் போய்விடாதீர்கள். கையில்லாத நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். எட்டு முதல் பத்து முறை, காலையும் மாலையும். சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடலாம், பிறகு இன்னொன்றை. செய்யும்போது லேசாக வலித்து மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் பயமில்லை. முட்டி வீங்கியிருந்தாலோ, திடீரென்று மாட்டிக்கொண்டு மடக்க முடியாமல் போனாலோ, ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு வலித்தாலோ முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.